பதினோரு இறால்கள்

எங்கள் வீட்டில் சாமான் வாங்கிவருவது எப்போதும் நான்தான். எது தீர்ந்தது, எது இருக்கிறது என்பதும் எனக்குத்தான் தெரியும். அதனால் உறைபெட்டியில் இருந்த இறால் பாக்கெட் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்துக்கொண்டே வந்ததை யாரும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இதை இவ்வளவு விரிவாக எழுத வேண்டி வந்திருக்காது.

எழுதுவது எனக்குப் புதிதல்ல. தண்ணீர்க் குழாய் செய்யும் தொழிற்சாலையில், பணியாளர் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். வேலைக்குத் தாமதமாக வந்தவர்கள், வராதவர்கள், வந்தும் வேலை செய்யாதவர்கள் ஆகியோரிடம் விளக்கக் கடிதம் வாங்குவது என் பொறுப்பு. எல்லோரும் உடம்பு சரியில்லை என்று ஆரம்பித்துக் கையெடுத்துக் கும்பிட்டு முடிப்பார்கள். நடுவில் என்ன நடந்தது என்பது மட்டும் இருக்காது. நான் அப்படி எழுதப்போவதில்லை. என் உடம்பு நன்றாகவே இருக்கிறது.

என் மனைவியின் தம்பி எட்டு மாதமாக எங்களோடு இருக்கிறான். முப்பத்தொரு வயது. குடும்பத்தில் அவனுக்கு 'அரைகுறை' என்று பெயர். அந்தப் பட்டத்தைச் சூட்டியது நான்தான், ஆனால் பாசத்தோடு. அவன் நீச்சல் கற்றுக்கொண்டான், மிதக்கும் வரைக்கும். கார் ஓட்டக் கற்றுக்கொண்டான், ரிவர்ஸ் எடுப்பதைத் தவிர. முடிதிருத்தும் வகுப்பில் சேர்ந்து என் தலையில் பயிற்சி எடுத்தான். வலப்பக்கம் முடிந்ததும் ஆர்வம் போய்விட்டது. இடப்பக்கத்துக்கு நான் தொப்பி போட்டுக்கொண்டு சலூனுக்குப் போனேன். எந்த வேலையிலும் இரண்டாவது மாதச் சம்பளத்தை அவன் பார்த்ததில்லை.

நான் அவனுக்கு நேர் எதிர். எங்கள் உறவுக்காரர்கள் அத்தனை பேரிலும் எங்கள் கல்யாண வீடியோவை முதலிலிருந்து கடைசி வரை பார்த்த ஒரே ஆள் நான்தான். ஒருமுறை லிஃப்டில் மூன்று மணிநேரம் மாட்டிக்கொண்டேன். கதவைத் திறந்தபோது, இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்று நினைத்தேன் என்று சொன்னேன். என் மனைவி பிசியோதெரபிஸ்ட். பிறருடைய முழங்கால்களை மடக்கி நீட்டுவது அவள் தொழில். பத்து நாளில் ஓட வேண்டும் என்று அடம்பிடிக்கும் நோயாளிகளிடம் என்னைத்தான் உதாரணம் சொல்வாள். "எங்க வீட்டுக்காரர் மாதிரி ஒரு பொறுமைசாலியை நீங்க பாத்திருக்கவே மாட்டீங்க." பதினெட்டு வருடமாகச் சொல்லிவந்தாள். என்னைப் பற்றி வேறெதையும் யாரும் சொன்னதில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

இந்த நிலையில்தான் அவன் ஒரு வண்ணமீன் கடைக்கு வேலை கேட்டுப் போனான். அந்தக் கடையை நடத்துவது ஓர் அம்மாள். வாடிக்கையாளரை 'வா, போ' என்பார். மீன்களை 'வாங்க, சாப்பிடுங்க' என்பார். அவர் அவனிடம் சான்றிதழ் கேட்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்.

"உப்புத்தண்ணித் தொட்டி ஒண்ணை நீயே தயார் பண்ணு. தினமும் நோட்டுல எழுது. முதல் மீனை விட்டு முப்பதாவது நாள் நான் வீட்டுக்கு வந்து பாப்பேன். உருப்படியா இருந்தா வேலை."

மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி வந்து இறங்கியது. வெயில் படாத சுவர் வேண்டும் என்றான். அந்தச் சுவர் ஓரத்தில்தான் என் சாய்வு நாற்காலி இருந்தது. அதைச் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் நகர்த்தினோம். நானே ஒரு பக்கம் பிடித்தேன். நாற்காலிக்கும் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் கேட்பார்கள் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

மணல் பரப்பினான். ஓட்டை ஓட்டையான பாறைகளை அடுக்கினான். உப்புக் கரைத்த தண்ணீரை ஊற்றினான். மோட்டார் ஓடியது. அன்று இரவுச் சாப்பாட்டின்போது விளக்கினான்.

"மாமா, மீன் கழிவுல இருந்து அம்மோனியா வரும். அது மீனுக்கு விஷம். அதைத் திங்க ஒரு நுண்ணுயிர் இருக்கு. அது தின்னுட்டு நைட்ரைட்டுன்னு ஒண்ணை விடும். அதுவும் விஷம். அதைத் திங்க இன்னொரு நுண்ணுயிர். அது விடறது அவ்வளவு கெடுதல் இல்ல. இந்த ரெண்டு கூட்டமும் பாறையில குடியேறணும். அஞ்சாறு வாரம் ஆகும். அதுவரைக்கும் மீன் விடக்கூடாது."

"அதுவரைக்கும் தொட்டியில என்ன இருக்கும்?"

"தண்ணி."

"நீ என்ன பண்ணுவே?"

"பாத்துட்டு இருப்பேன் மாமா."

நான் சிரித்துக்கொண்டே சாதத்தைப் பிசைந்தேன். ஒரு வாரம் தாங்குவான் என்று கணக்குப் போட்டேன்.

அவன் தாங்கினான். தினமும் காலையில் ஒரு சிட்டிகை மீன்தீனியைத் தொட்டியில் போடுவான். அது அழுகினால்தான் அம்மோனியா வருமாம், நுண்ணுயிர்களுக்குச் சாப்பாடு வேண்டுமாம். சாயங்காலம் சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் எடுத்து, மருந்துச் சொட்டுகள் விட்டு, குலுக்கி, நிறம் பார்ப்பான். மஞ்சளாக இருந்தால் அம்மோனியா இல்லை. பச்சையானால் இருக்கிறது. பார்த்ததை நோட்டில் எழுதுவான். முப்பத்துநான்கு நாள் ஒரு நாள்கூடத் தவறவில்லை. என் மனைவி வேலையிலிருந்து வந்ததும் டீயை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் உட்கார ஆரம்பித்தாள். அக்காவும் தம்பியும் மீனில்லாத தொட்டியைப் பார்த்துக்கொண்டு சின்ன வயசுக் கதை பேசிச் சிரிப்பார்கள். செருப்பு அலமாரிக்குப் பக்கத்திலிருந்து எனக்கு அவர்களுடைய முதுகு தெரியும்.

முப்பத்துநான்காம் நாள் குப்பி மஞ்சளாக இருந்தது. நைட்ரைட்டும் இல்லை. "இன்னும் ஒரு வாரம் இப்படியே இருந்தா மீன் விடலாம்" என்றான். என் மனைவி யாரோ ஒரு நோயாளியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"அவசரப்படாதீங்கம்மா. என் தம்பியைப் பாருங்க. அவனை மாதிரி ஒரு பொறுமைசாலியை நீங்க பாத்திருக்கவே மாட்டீங்க."

எனக்கு வலித்தது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் வலியினால் செய்தேன் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அவனுடைய பொறுமை உண்மையானதா என்று ஒருவர் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. தொழிற்சாலையில் ஒரு குழாயைக்கூட அழுத்தம் கொடுத்துப் பார்க்காமல் நாங்கள் வெளியே அனுப்புவதில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கு அவன் குளிக்கப் போனான். குளிக்கும்போது பாடுவான். பாட்டு நிற்பதற்கும் கதவு திறப்பதற்கும் நடுவில் இரண்டு நிமிடம் இருக்கும். நான் ஓர் இறாலைத் தோலுரித்து, பொடியாக நறுக்கி, நீளமான இடுக்கியால் பின்பக்கப் பாறைக்கு அடியில் செருகினேன். இடுக்கியைக் கழுவித் துடைத்து, இருந்த இடத்தில் வைத்தேன். பிறகு எல்லோருக்கும் டீ போட்டேன்.

மூன்றாம் நாள் குப்பி பச்சையானது. அவன் கையை உதறிவிட்டு எழுந்து போவான், சாயங்காலத்துக்குள் தொட்டியை விற்க ஆள் தேடுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"நான்தான் தீனியைக் கூடப் போட்டுட்டேன் போல மாமா. பரவாயில்ல. காத்திருப்போம்."

நோட்டில் எழுதினான்: 'அம்மோனியா ஏறியிருக்கிறது. தவறு என்னுடையதாக இருக்கலாம். காத்திருக்கிறேன்.'

அடுத்த வாரம் மறுபடியும் மஞ்சளானது. மறுபடியும் நான் ஒன்று வைத்தேன். மறுபடியும் பச்சை. மறுபடியும் 'காத்திருக்கிறேன்.' வீட்டில் ஒரு வாடை வர ஆரம்பித்தது. என் மனைவி மூக்கைச் சுளித்துக்கொண்டு சமையலறைக் குப்பைக்கூடையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

"ஏதோ செத்துக் கிடக்கற மாதிரி இருக்குடா."

"கடல் வாசம்க்கா. நல்லதுதான்."

"ஆமாம்" என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

இப்படி ஏழு வாரம். நான் விட்டுக்கொடுக்கவில்லை, அவனும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் ஒவ்வொரு இறால் வைக்கும்போதும் அவனுடைய பொறுமை ஒரு படி ஏறியது. அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் வந்து பார்த்துவிட்டு, "இன்னுமா மீன் விடல?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். இப்படி ஒரு மனுஷனை என்னதான் செய்வது என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

ஒன்பதாவது இறாலுக்கு நிறம் மாறவில்லை. சின்ன இறாலாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். பத்தாவதாகப் பெரிதாகப் பார்த்து வைத்தேன். மாறவில்லை. பதினோராவதை நறுக்காமல் முழுசாக வைத்தேன். குப்பி எலுமிச்சம்பழம் போல மஞ்சளாகவே இருந்தது. அவன் கடையிலிருந்து எடுத்துவந்திருந்த புத்தகத்தை, அவன் வெளியே போயிருந்தபோது புரட்டிப் பார்த்தேன். புதுத் தொட்டியைத் தயார் செய்யச் சிலர் இறாலைப் போட்டு அழுக விடுவார்கள் என்று படத்தோடு போட்டிருந்தது. அதிகமாகத் தீனி கிடைத்தால் நுண்ணுயிர்கள் அதிகமாகப் பெருகுமாம். கெடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, ஏழு வாரமாக நான் அவற்றுக்கு விருந்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எந்த மீனை விட்டாலும் பிழைக்கும் அளவுக்கு அந்தத் தொட்டி திடமாகிவிட்டது. அன்று மதியம் என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

முதல் மீன் வந்தது. ஆரஞ்சு நிறம், மூன்று வெள்ளைப் பட்டை, என் கட்டைவிரல் நீளம்கூட இல்லாத ஒரு கோமாளி மீன். பிளாஸ்டிக் பைக்குள் வந்தது. பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு சின்னக் கிண்ணம் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் விட வேண்டும். மீன் புதுத் தண்ணீருக்குப் பழக வேண்டுமாம். அவன் கை நடுங்கியது. மீனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"மாமா, பையை நீங்க பிடிச்சுக்குங்க. இந்த வீட்டுல நடுங்காத கை உங்க கைதான்."

நான் ஒரு மணிநேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். தோள்பட்டை மரத்துப்போனது. மீன் பைக்குள்ளிருந்து என்னைப் பார்த்தது. அந்த ஒரு மணிநேரம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எல்லாவற்றையும் இதோடு விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். அப்போது என் மனைவி ஒரு படம் எடுத்தாள். உறவுக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினாள். படத்தில் தம்பியின் முகம் முழுசாக இருந்தது. என்னில் மணிக்கட்டு வரைக்கும் இருந்தது. கீழே 'தம்பியின் பொறுமைக்குக் கிடைத்த பரிசு' என்று எழுதியிருந்தாள். யார் கை அது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

மீனுக்கு நான் ஒரு தீங்கும் செய்யவில்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தொட்டியில் வாரா வாரம் கொஞ்சம் பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். அந்தப் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு வருகிறேன் என்று நானே வாங்கிக்கொண்டேன். "உங்களுக்கு எதுக்கு மாமா சிரமம்" என்றான். மூடி போட்ட கேன்களில் அதை ஆபீசுக்கு எடுத்துப் போனேன். பழைய கோப்புகள் வைக்கும் அறையில் ஒரு சின்னத் தொட்டியும் மோட்டாரும் வாங்கி வைத்தேன். பின்பக்கப் பாறையில் ஒன்றையும் மெதுவாக அங்கே நகர்த்திவிட்டேன். பாறை வந்தால் நுண்ணுயிரும் கூட வந்துவிடும் என்று அந்தப் புத்தகத்தில் இருந்தது. கூட்டுகிற அம்மா என்ன இது என்று கேட்டார். தொழிலாளர்களின் மனநிம்மதிக்கு என்று சொன்னேன். நல்ல யோசனை என்றார்.

இருபத்தொன்பதாம் நாள் காலை அவன் குளித்துக்கொண்டிருந்தபோது மீனை மூடியுள்ள சாப்பாட்டு டப்பாவில் தண்ணீரோடு எடுத்து, பையில் வைத்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். வளைவுகளில் டப்பாவை நான் சாயவிடவில்லை.

சாயங்காலம் வந்தபோது வீடு தலைகீழாகக் கிடந்தது. மீன் துள்ளி வெளியே விழுந்திருக்கும் என்று அவன் டார்ச்சோடு சோபாவுக்கு அடியில் படுத்துக் கிடந்தான். என் மனைவி செருப்புகளை ஒவ்வொன்றாக உதறிக்கொண்டிருந்தாள். நானும் பையை வைத்துவிட்டு என் நாற்காலியைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு மணிநேரம் தேடினோம். கடைசியில் அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"என்னால எதையும் முழுசாச் செய்ய முடியாது போல மாமா. நாளைக்கு அந்த அம்மா வந்தா என்ன காட்டுவேன்? நீங்க வச்ச பேர் சரியான பேர்தான்."

அவன் அழுதான். முப்பத்தொரு வயது ஆள் கையால் முகத்தை மூடாமல் அழுததை அன்றுதான் பார்த்தேன். நான் அவன் தோளில் கை வைத்தேன். "எல்லாம் சரியாகும், பொறுமையா இரு" என்றேன். அந்த நிமிடம் எனக்கு நிம்மதியாக இருந்தது. பல மாதம் கழித்து அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது.

மறுநாள் கடைக்கார அம்மாள் வந்தார். அவன் ஒன்றையும் மறைக்கவில்லை. மீன் காணோம், எப்படிப் போனது என்று தெரியவில்லை, என் கவனக்குறைவுதான் என்றான். அவர் நேராகத் தொட்டிக்குப் போனார். தண்ணீரைச் சோதித்தார். பிறகு நோட்டைக் கேட்டு வாங்கி, என் நாற்காலியில் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து படித்தார். நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.

"எட்டுத் தடவை ஏறி இறங்கியிருக்கு" என்றார்.

"ஆமாம்மா. ஏன்னு கடைசி வரைக்கும் எனக்குத் தெரியல."

"என்கிட்ட தொட்டி வாங்கறவங்க ரெண்டாவது தடவையே மீனை விட்டுக் கொன்னுட்டு, என்கிட்ட வந்து சண்டை போடுவாங்க. நீ எட்டுத் தடவையும் கையைக் கட்டிட்டு இருந்திருக்கே. மீன் துள்ளி விழறது சகஜம், மேல வலை போட்டா சரியாயிடும். இந்த மாதிரி காத்திருக்கறதை நான் யாருக்கும் சொல்லிக் கொடுக்க முடியாது. திங்கக்கிழமை வந்து சேந்துக்கோ."

அவன் என் காலில் விழுந்தான். அவர் காலில் விழப் போனவனை அவர் தடுத்ததால் பக்கத்தில் நின்ற என் காலில் விழுந்தான் என்பதுதான் சரி. என் மனைவி அழுதுகொண்டே போன் செய்ய ஆரம்பித்தாள். எட்டு என்ற எண்ணை அவள் அன்று இருபது பேரிடமாவது சொல்லியிருப்பாள். "எட்டுத் தடவை! அசரவே இல்ல!"

யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. இதை எழுதச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் விஷயம் அப்படியே போயிருக்கும். திங்கள் வரைக்கும் ஐந்து நாள் நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் ஒரு பதிவு தப்பாக இருக்கும்போது அதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது. இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

எட்டு அல்ல, பதினொன்று. கடைசி மூன்றும் நோட்டில் ஏறவே இல்லை. அவன் காத்திருந்தான் என்றால் காத்திருக்க ஏதாவது இருந்ததால் காத்திருந்தான். அதை உண்டாக்கிக் கொடுத்தது யார்? அவனுக்காவது நோட்டு இருந்தது, பக்கத்தில் உட்கார அக்கா இருந்தாள், டீ இருந்தது. நான் பதினோரு காலை, கையில் இறாலோடு, ஒரு சத்தமும் போடாமல் அவன் பாட்டு தொடங்கக் காத்திருந்தேன். யாரும் படம் எடுக்கவில்லை. என் இறால்கள் இல்லாவிட்டால் அந்த நோட்டில் படிக்க என்ன இருந்திருக்கும்? அவனுக்கு அந்த வேலை கிடைத்ததே என்னால்தான். நன்றி எதிர்பார்த்து இதைச் சொல்லவில்லை. பொறுமை யாருடையது என்பதை மட்டும் திருத்தச் சொல்கிறேன்.

மீன் நலமாக இருக்கிறது. கோப்பு அறைக் கதவைத் திறந்தாலே கண்ணாடி ஓரத்துக்கு வந்துவிடுகிறது. கேட்டால் திருப்பித் தந்துவிடுவேன், ஆனால் என்னோடு பழகிவிட்டது என்பதையும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

இதை இரண்டு பிரதி எழுதினேன். இது என் மனைவிக்கு, அவள் வேலையிலிருந்து வந்ததும் பார்க்கும்படி டீக் கோப்பைக்கு அடியில் வைக்கிறேன். இன்னொன்றை இன்று காலை, ஆபீசுக்குப் போகும் வழியில் வண்ணமீன் கடையில் கொடுத்துவிட்டேன். இந்தப் பத்தியை இந்தப் பிரதியில் மட்டும் இப்போது சேர்க்கிறேன். கடைக்கார அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றபடியே முதல் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தார். உள்ளே தம்பி புதுச் சட்டையோடு ஒரு தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். முதல் நாள். என்னைப் பார்த்ததும், வாழ்த்த மாமாவே வந்துவிட்டார் என்று நினைத்து, துணியோடு கையை உயர்த்தி ஆட்டினான். நானும் சிரித்துக்கொண்டே ஆட்டினேன். பொறாமை பிடித்தவனாக இருந்தால் அப்படிச் சிரித்திருக்க முடியுமா?